எட்டாயிரம் சுற்றைத் தாண்டும் எஞ்சின்கள்: எதனால் பழுதாகின்றன, எதனால் மறைகின்றன

2025 மே 10, மாலை · சிங்கப்பூர், பொங்கோல் வாசகரின் கேள்வி

அண்ணா, 2009இல் பதிவான ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 160,000 கிலோமீட்டர் ஓடியது, 2019இல் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழ், புதுப்பித்தது. வீட்டில் எல்லாரும் தடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் சுழலும் எஞ்சின் 100,000 கிலோமீட்டரைத் தாண்டினாலே பிரித்துக் கட்ட வேண்டிவரும், டர்போ வண்டி வாங்கினால்தான் நிம்மதி என்கிறார் மாமா. 2030க்குப் பிறகு பெட்ரோல் கார் வைத்திருப்பதே வீண் என்கிறார் அப்பா. நான் யார் பேச்சைக் கேட்பது?

2025 மே 10, இரவு

தம்பி, மாமாவின் பேச்சை நான் ஏற்க மாட்டேன். அப்பா சொன்னதற்குப் பிறகு வருகிறேன், அது பெரிய கதை.

என்னிடம் இருப்பதும் எஃப்டி2தான். 2008இல் பதிவானது. அதன் கே20ஏ எஞ்சின் 200,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சிலிண்டர் ஹெட்டை இதுவரை யாரும் கழற்றியதில்லை. வண்டியை எடுக்கும் நாளெல்லாம் 8,000 சுற்றைத் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதான் எஞ்சினின் திறன். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. அது இல்லாத எஞ்சினுக்கு வளிமண்டலம் தள்ளிவிடும் காற்றுதான் வரவு. 2 லிட்டரில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வடிவமைத்தாலும் முறுக்கு விசை 200, 220 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றுவிடும். கே20ஏயில் அது 215. அதை வைத்துக்கொண்டு 225 குதிரைத்திறன் வேண்டுமென்றால் 8,000 சுற்றுக்குப் போயே ஆக வேண்டும்.

பின்னால் வந்த எஃப்கே8 டைப் ஆர் அதே 2 லிட்டரில் டர்போவைச் சேர்த்து, 2,500 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டரும் 6,500இல் 320 குதிரைத்திறனும் தருகிறது. அருமையான எஞ்சின், குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிஸ்டன் தலையில் விழும் அழுத்தத்தையும் ஹெட் வாங்கும் வெப்பத்தையும் யோசித்துப் பாருங்கள். கூடவே, கழிவுவாயுச் சூட்டில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைன் ஒன்றும் இருக்கிறது. முள் 6,500இல் நின்றுவிடுவதால் எஞ்சின் இளைப்பாறுகிறது என்று மாமா நினைக்கிறார். பாரம் இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை.

டர்போ இல்லாத எஞ்சினின் பாரம் எடையிலிருந்து வருகிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று திரும்ப வேண்டும். சுழற்சி இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். எரிந்த வாயுவை வெளியேற்றிவிட்டுப் பிஸ்டன் உச்சியை அடையும் கணத்தில் அதை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் அநேகமாக இருக்காது. பிஸ்டனை எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் இரண்டு போல்ட்டுகளும்தான் அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் இலேசான பிஸ்டன், வலுவான ராடு, கடினமான வால்வு ஸ்பிரிங் என்று கட்டுகிறார்கள்.

2025 மே 11

காலையில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்று எண்ணிக்கையை மட்டும் வைத்து எஞ்சினைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது. சராசரி பிஸ்டன் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரோக் நீளத்தை, அதாவது பிஸ்டன் ஒரு முறை மேலோ கீழோ போகும் தூரத்தை, இரண்டால் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

1999இல் வந்த ஹோண்டா எஸ்2000இன் எஃப்20சி: ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், 9,000 சுற்று, நொடிக்கு 25.2 மீட்டர். நம் கே20ஏ: 86 மில்லிமீட்டர், 8,400 சுற்று, 24.1. போர்ஷ 911 ஜிடி3இன் 4 லிட்டர் எஞ்சின்: 81.5 மில்லிமீட்டர், 9,000 சுற்று, 24.5. லெக்சஸ் எல்எஃப்ஏவின் வி10: 79 மில்லிமீட்டர், 9,000 சுற்று, 23.7. பிஎம்டபிள்யூ எம்3, இ92 வகையின் வி8: 75.2 மில்லிமீட்டர், 8,400 சுற்று, 21.1.

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். இவற்றில் பிஸ்டன் மிக மெதுவாகப் போகும் எஞ்சின் அதுதான். ராடு கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள ராடு பேரிங் தேய்கிறது என்று உலகம் முழுக்கப் பெயர் கெட்டதும் அதுதான்! பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி மிகக் குறுகல் என்பது பிரித்துப் பார்த்த பலரின் முடிவு. அதில் 10டபிள்யூ-60 என்ற தடித்த ஆயிலை ஊற்றி, அது சூடேறும் முன்பே மிதித்தால் பேரிங் என்ன ஆகும்? எஸ்2000இன் பிஸ்டன் அதைவிட வேகமாகப் போகிறது. அதைப் பற்றிக் கேட்கும் குறைகளோ ஆயில் குடிக்கிறது, டைமிங் செயின் டென்ஷனர் சத்தம் போடுகிறது என்ற அளவில்தான். ராடு பேரிங்குக்கு அது பேர்போனதல்ல.

சுற்று அதிகமானால் ஆயுள் குறையும் என்பது விதியாக இருந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கும். எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பாகத்தில் எடுத்த ஒரு முடிவு. எந்த எஞ்சினில் அது எந்தப் பாகம் என்று தெரிந்துகொண்டு வாங்குவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

2025 மே 11, பிற்பகல்

"அப்படியானால் உடைந்துபோன எஸ்2000 எஞ்சின்களின் படங்கள் எங்கிருந்து வருகின்றன?" என்று தெம்பனிஸ் வாசகர் கேட்கிறார்.

பெரும்பாலும் கியர் பிடியிலிருந்து. நான்காவதிலிருந்து ஐந்துக்குப் போக நினைத்து மூன்றில் தள்ளிவிட்டால் சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்து இழுத்து 10,000, 11,000 சுற்றுக்குக் கொண்டுபோய்விடும். எல்லையைத் தாண்டாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு ஸ்பிரிங் தாங்காது, வால்வு மிதக்கும், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னரில் விரிசல் விழும். வண்டி அன்றைக்கு ஓடி வீடு வந்து சேர்ந்துவிடும். சில மாதம் கழித்து, சும்மா போய்க்கொண்டிருக்கும்போது, வால்வு சிலிண்டருக்குள் விழும். 9,000 சுற்றுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுவார்கள். தவறான ஒரு கியர்மாற்றம்தான் காரணம்.

2025 மே 14

போர்ஷ ஜிடி3ஐப் புகழ்ந்துவிட்டு 2014ஐ மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். மறக்கவில்லை. விரிவாக எழுத வேண்டிய விஷயம் என்பதால் நேரம் கிடைக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

991 வரிசை ஜிடி3இன் 3.8 லிட்டர் எஞ்சின், 475 குதிரைத்திறன், 9,000 சுற்று. சில வண்டிகள் தீப்பிடித்தன. 2014 பிப்ரவரியில் விநியோகத்தை நிறுத்தினார்கள். கனெக்டிங் ராடு ஒன்றின் திருகு தளர்ந்து ராடு எஞ்சின் கூட்டை உடைத்துக்கொண்டு வந்தது. கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டின் 785 வண்டிகளுக்கும் எஞ்சினை முழுதாக மாற்றிக் கொடுத்தார்கள். உலோகம் சோர்ந்து போகவில்லை. முதல் நாள் நான் சொன்ன அதே இடம், ராடின் பிடிமானம், அங்கே ஒரு திருகு.

அதைவிட எனக்குச் சுவாரசியமானது அதே எஞ்சினின் இரண்டாவது தொல்லை. வால்வைத் தள்ளும் விரல்வடிவ ஃபாலோயர்கள் தேய்ந்தன. அந்த அமைப்பில் வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் முறை தானாகச் சரிசெய்துகொள்ளும். உரிமையாளருக்கு வசதி, 9,000 சுற்றிலோ அது கூடுதல் எடை, ஆயில் அழுத்தத்தை நம்பியிருக்கும் கூடுதல் பாகம். நிறுவனம் அந்த எஞ்சின்களுக்கு உத்தரவாதத்தைப் பத்தாண்டாக நீட்டியது. அடுத்து வந்த 4 லிட்டர் எஞ்சினில் ஹைட்ராலிக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பந்தய வண்டிபோல் நிலையான அமைப்பை வைத்தார்கள். அதே 9,000 சுற்று, தொல்லை அடங்கிவிட்டது.

நம் கே20ஏயில் தொடக்கத்திலிருந்தே நிலையான அமைப்புதான். வால்வை அழுத்தும் ராக்கரில் திருகும் நட்டும் இருக்கும். இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். இதில்தான் எனக்கு ஒரு கசப்பு. பல ஆண்டுகள் நான் நம்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு பட்டறை, வால்வு இடைவெளி பார்த்ததாக ஒவ்வொரு பெரிய சர்வீஸுக்கும் காசு வாங்கியது. பிறகு வேறு இடத்தில் ஒரு சீனப் பெரியவரிடம் வண்டியை விட்டபோது அவர் ராக்கர் மூடியைத் திறக்க முயன்றுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடியின் ரப்பர் கேஸ்கெட் கல்லாகி ஒட்டிக்கிடந்தது. "இதை யாரும் திறந்ததே இல்லை" என்றார். உள்ளே கழிவு வால்வுகளில் இடைவெளி இறுகிப் போயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் வால்வு இருக்கையோடு முழுதாக ஒட்டாமல் கருகியிருக்கும். கோபம் இன்றுவரை தீரவில்லை. காசு போனது ஒரு பக்கம். அந்த நிலையில் அதை எத்தனை முறை 8,400 வரை கொண்டுபோயிருக்கிறேன் என்று நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து சர்வீஸ் முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். அந்தச் சீன அங்கிளும் அதை விரும்புகிறார். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் காட்டுவார். பேரிங் தேய்மானத்தை இதைவிட மலிவாக வேறு எதிலும் கண்டுபிடிக்க முடியாது.

2025 மே 15

ஒரு விளக்கம். வண்டியை எடுக்கும் நாளெல்லாம் 8,000 சுற்றைத் தொடுகிறேன் என்று நான் எழுதியதைப் படித்த இருவர், வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கியதுமே மிதிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்.

நம் ஊரில் குளிர்காலம் இல்லை, காலையிலேயே 27, 28 டிகிரி இருக்கிறது, அதனால் எஞ்சின் எப்போதும் பாதி சூடாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆயிலுக்கு அது போதாது. பலகையில் நீங்கள் பார்க்கும் முள் குளிர்நீரின் சூட்டைக் காட்டுகிறது. அது நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் பின்தங்கியே இருக்கும்; அது 80 டிகிரியைத் தாண்டக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஓட்ட வேண்டும். நான் ஆயில் வெப்பமானி ஒன்றைத் தனியாகப் பொருத்தியிருக்கிறேன். தீவு விரைவுச்சாலையில் ஏறி நிதானமாகக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த முள் எனக்கு அனுமதி தருகிறது.

சிங்கப்பூரில் இந்த எஞ்சின்களை உண்மையில் வதைப்பது குறுகிய பயணம். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை, அங்கிருந்து சந்தைவரை, பிறகு நிறுத்தி வைப்பது. ஆயில் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் கலந்து தங்கிவிடுகின்றன. குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று பெருமையாக விற்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: ஒரு பயணம் எவ்வளவு தூரம்? விடுமுறைக்கு முந்தைய இரவு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் ஊர்வது அடுத்த தண்டனை. காற்றோட்டம் இல்லை, குளிர்விசிறி ஓயாமல் ஓடுகிறது, எஞ்சின் அறையில் ரப்பர் குழாயெல்லாம் வேகிறது. அந்த இரவுக்குப் பிறகு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இரண்டு மணி நேரம் போனால் வண்டியின் ஓட்டமே மாறிவிடுவதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

அது சரி, இங்கே சட்டப்படி எங்கே 8,000 சுற்று ஓட்டுவது? எஃப்டி2இன் கியர்கள் குட்டை. இரண்டாவது கியரில் சிவப்புக் கோடு வரை போனால் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் எல்லையை ஒட்டி வந்து நிற்கும். ஏறுபாதை ஒன்றில் இரண்டாவதில் ஒரு முழு இழுப்பு, பிறகு நேரே ஆறாவது. 6,000 சுற்றை நெருங்கும்போது விடெக் என்ற ஹோண்டாவின் வால்வு அமைப்பு, வால்வைத் திறக்கும் மேடான கேமில் பெரியதற்கு மாறும், குரல் உயரும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் நான் இந்த வண்டியை வைத்திருக்கிறேன். யாரிடமும் மறைக்க மாட்டேன்.

2025 மே 19

ஈசூன் நண்பர் பைக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இழை திசைமாறுகிறது, பரவாயில்லை, மாறட்டும்.

உயர் சுழற்சிக்குப் பயப்படுகிறவர்கள் இருசக்கர வண்டிகளைப் பார்க்க வேண்டும். கவாசாக்கி இசட்எக்ஸ்-25ஆர், 250 சிசியில் நான்கு சிலிண்டர், 17,000 சுற்று. எண் பயமுறுத்துகிறது. ஸ்ட்ரோக்கோ 31.8 மில்லிமீட்டர்தான், பிஸ்டன் வேகம் நொடிக்கு 18 மீட்டர், நம் சிவிக்கைவிடக் குறைவு. நம் ஊரில் 400 சிசி வரையான பைக்குக்கான 2ஏ உரிமம் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஹோண்டா சூப்பர் ஃபோரில் உட்கார்ந்திருப்பார்கள். 400 சிசி, நான்கு சிலிண்டர், அதன் பிற்கால வகைகளில் விடெக்கும் உண்டு. ஓட்டுநர் பள்ளியில் ஆயிரம் பேர் கையில் அடிவாங்கியும் ஓடிக்கொண்டே இருந்த எஞ்சின் அது. அதன் தயாரிப்பு 2022இல் நின்றது. பழுதினால் நிற்கவில்லை, ஜப்பானின் புதிய மாசு விதிகளால் நின்றது.

இதை எழுதும்போதுதான் அப்பாவின் கேள்விக்கு வழி திறக்கிறது.

2025 மே 24

எதிர்காலம்.

இந்த எஞ்சின்களை விதிகள்தான் ஒவ்வொன்றாக வெளியேற்றுகின்றன. காரணங்களைப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "மின்சார வண்டி வந்துவிட்டது, முடிந்தது" என்று ஒரே வரியில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

உயர் சுழற்சிக்குக் கேம் நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்க வேண்டும். உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். 8,000 சுற்றில் அது வரம். 1,000 சுற்றில் எரியாத பெட்ரோல் நேராகக் குழாய்வழியே வெளியே போகும். ஹோண்டா இதற்குக் கண்ட விடைதான் விடெக்: தாழ்சுழற்சிக்கு ஒரு கேம், உயர்சுழற்சிக்கு ஒரு கேம். 1989இல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ, 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு நூறு. சாதாரணத் தெருவண்டியில் அது அன்றைக்கு எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று சொல்லி முடியாது.

அடுத்தது, முழுவிசையில் நீண்ட நேரம் சுழலும்போது உள்ளே குளிர்விக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய உத்தி. புதிய விதிகள் அதற்கான இடத்தைச் சுருக்குகின்றன. பிறகு நுண்துகள் வடிகட்டி. உயர் சுழற்சி எஞ்சின் தாராளமாக மூச்சு விட வேண்டும். வடிகட்டி அதன் மூக்கைப் பிடிக்கிறது. 2024இல் வந்த புதிய ஜிடி3ஐப் பாருங்கள். இரண்டு நுண்துகள் வடிகட்டிகள், நான்கு வினையூக்கிகள். 510 குதிரைத்திறனைக் காப்பாற்றிவிட்டார்கள், முறுக்கு விசை 470இலிருந்து 450க்கு இறங்கியது. அந்தப் பொறியாளர்களுக்கு என் வணக்கம். கார்பன் அளவும் சத்த வரம்பும் தனி. டொயோட்டா ஜிஆர்86 ஐரோப்பாவை விட்டுப் போனதற்கு எஞ்சின் காரணமே இல்லை. 2024இல் அமலான பாதுகாப்புக் கருவி விதிகளுக்கு ஏற்ப உடலமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகவில்லை.

போனவை வரிசையாக நினைவுக்கு வருகின்றன. எஸ்2000 2009இல், எஃப்டி2 2010இல், எல்எஃப்ஏ ஐந்நூறே ஐந்நூறு வண்டிகளோடு 2012இல். ஃபெராரி 458 போய் 2015இல் டர்போ வைத்த 488 வந்தது. ஆடி ஆர்8 2024இல்.

இருப்பவை பணக்காரர்களின் வாசலில் இருக்கின்றன. ஃபெராரி 12சிலிண்ட்ரி, 6.5 லிட்டர் வி12, 830 குதிரைத்திறன், 9,500 சுற்று. கார்டன் மரேயின் டி.50 காருக்குக் காஸ்வொர்த் செய்த வி12, 12,100 சுற்று, நூறு வண்டிகள். இதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு காலத்தில் சிவிக்கில், இன்டெக்ராவில், செலிகாவில் கிடைத்த இன்பம் அது. சம்பளக்காரன் சீட்டுப் போட்டு வாங்கக்கூடியதாக இருந்தது.

2025 மே 24, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்றையும் சேர்க்கிறேன். உயர் சுழற்சியையும் டர்போ இல்லாமையையும் நான் ஒன்றாகப் பேசிக்கொண்டு வந்தேன். அவை இனி பிரிந்துவிடும். லம்போர்கினி தெமெராரியோ, ஹுராக்கானின் வி10ஐக் கைவிட்டு இரட்டை டர்போ வி8ஐ மின்மோட்டார்களோடு சேர்த்திருக்கிறது. அந்த வி8 10,000 சுற்று போகிறது. டர்போ என்றால் 6,500 என்ற காலம் முடிகிறது. மின்மோட்டார் 20,000ஐத் தாண்டுகிறது. ஆகவே சுற்று பிழைக்கும். வலதுகால் அசைந்த அந்தக் கணமே, அசைந்த அளவுக்கே எஞ்சின் பதில் சொல்வது, சுற்று ஏற ஏறத் திறனும் குரலும் சேர்ந்தே ஏறுவது, இவை பிழைக்குமா என்பதுதான் என் கவலை.

2025 மே 27

அப்பா சொன்ன 2030. 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். கலப்பின வண்டிகளும் அதில் அடக்கம். அது புதிய பதிவுக்கான விதி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அன்று காலை யாரும் வந்து இழுத்துப் போகமாட்டார்கள். எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாறுவதற்கான இலக்கு 2040.

ஆனால் அப்பா சொல்வதில் வேறொரு உண்மை இருக்கிறது. நம் ஊரில் இந்த வண்டிகள் காகிதத்தால் சாகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும், கதவு நன்றாக இருக்கும், சான்றிதழின் தேதி முடிந்துவிடும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனபோது, எத்தனை வீட்டில் கணக்குப் போட்டு வண்டியை ஒப்படைத்திருப்பார்கள்! போனது போனதுதான். வெளிநாட்டிலிருந்து பழைய காரைக் கொண்டுவரலாம் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். எஃப்டி2 இனி வராது. இருப்பவை குறைய மட்டுமே செய்யும். ஒவ்வொன்று ஏற்றுமதியாகும்போதும் உடைக்கப்படும்போதும் உள்ளபடியே துக்கமாக இருக்கிறது. எஞ்சின் சரியில்லை என்று ஒன்றை விட்டுக்கொடுத்தால் மனம் ஆறும்.

2025 மே 28

பார்க்கப் போகிறேன், எதைக் கவனிக்க என்று தம்பி கேட்கிறார். நேரே சொல்கிறேன்.

விற்பவரிடம் எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் நீங்களே திருப்புங்கள். செயின் பக்கத்திலிருந்து கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள்: அளவு குறைந்திருந்தால் உரிமையாளர் பார்ப்பதில்லை என்று பொருள், அது நிறத்தைவிட முக்கியம். ராக்கர் மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். கே வகை எஞ்சின்களில் கழிவுப்பக்கக் கேமில் குழி விழுவதுண்டு. விரல் நகத்தால் தடவினாலே தெரியும். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கம்ப்ரஷன் சோதனையோடு கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் அளவீடுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே தேவை. மூன்றாவது கியரை உயர் சுழற்சியில் போட்டுப் பாருங்கள், உரசல் வந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்தில் ஓடிய வண்டி என்றால் பயந்து ஓட வேண்டாம். ஆயில் தட்டில் தடுப்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்குள்ள நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்துவிடும் ஆபத்து உண்டு. அக்கறையோடு பந்தயத்தடத்தில் ஓட்டியவர், அக்கறையில்லாமல் சந்தைக்கு ஓட்டியவரைவிட ஆயிலை அதிகமாக மாற்றியிருப்பார்.

பெட்ரோல் 98 ஆக்டேன்தான். 11.7க்கு 1 என்ற அழுத்த விகிதத்துக்கு அதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

2025 ஜூன் 2

தம்பி வாங்கிவிட்டார்! சோதனை ஓட்டத்துக்கு அப்பாவும் கூட வந்தாராம். இரண்டாவது கியரில் ஒரு முறை முழுதாக இழுத்த பிறகு அப்பா வாய்திறக்கவில்லை, இறங்கும்போது "இன்னொரு சுற்றுப் போகலாமா?" என்றாராம். படித்துவிட்டு மனம்விட்டுச் சிரித்தேன். மாமாவுக்கும் ஒருநாள் அதே இருக்கையைக் கொடுங்கள்.

2029இல் சிஓஇயை ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பதா பத்தாண்டுக்கா என்று இப்போதே கேட்கிறார். ஐந்தாண்டுக்குக் கட்டணம் பாதி. ஆனால் அது முடிந்ததும் வண்டியை விலக்கியே ஆக வேண்டும், மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்தாண்டு எடுத்தால் 2039 வரை போகும். சாலை வரியில் வயதுக்கான கூடுதல் 50 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. 2 லிட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,210 வெள்ளி என்பது சுமார் 1,815 ஆகிறது. ஆண்டுக்கு ஒரு சோதனை. சம்பளம் தாங்கும் என்றால் பத்து. என் வண்டிக்கு 2028இல் பத்துதான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம், மாதாமாதம் ஒதுக்கி வருகிறோம்.

அடுத்த மாதம் அங்கிளிடம் டைமிங் செயினை மாற்ற விட்டிருக்கிறேன். கழற்றிய பழைய செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று புதியதன் பக்கத்தில் வைத்து அளந்து, எண்ணை இங்கேயே போடுகிறேன்.